ஜோவிதாவின் எட்டெழுத்து

பெங்களூர் பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் பல பேருடைய போனில் ஜோவிதாவின் எண் ஜோவிதா என்ற பெயரில் இருக்காது. ‘எட்டெழுத்து’ என்று இருக்கும். ஒருவர் ‘எட்டெழுத்து, எடுக்காதே’ என்றே போட்டு வைத்திருந்தார். எடுக்காவிட்டால் விட்டுவிடுகிற ஆளா அவள்? சாப்பாட்டு நேரத்தில் அடிப்பாள். சாமி கும்பிடப் போன இடத்தில் அடிப்பாள். எப்பேர்ப்பட்ட முதலாளியாக இருந்தாலும் கடைசியில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

“சார், ரிப்போர்ட் வந்துச்சா?”

“வந்துச்சு மேடம்.”

“ஹாஷ் போட்டுப் பாத்தீங்களா?”

“மேடம், மெயில் வந்துச்சு, திறந்தேன், படிச்சேன். இதுக்கு மேல என்ன மேடம்?”

“போட்டுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன். முதல் நாலு, கடைசி நாலு படிங்க.”

அந்தக் குரல் இருக்கிறதே, அது போனே இல்லாமல் ஜாலஹள்ளி வரைக்கும் கேட்கும். ஜோகுபாளையத்தில் அவள் வீட்டு வாசலில் நின்று காய்கறிக்காரரைக் கூப்பிட்டால் பழைய மெட்ராஸ் ரோட்டில் போகிற ஆட்டோ நிற்கும் என்று அவள் கணவர் டேரில் சொல்வார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மைதான்.

அவள் வேலை செய்வது ஒரு சோதனைக்கூடத்தில். சங்கிலி, கொக்கி, போல்ட், கம்பி என்று பாரம் தாங்க வேண்டிய எதையும் அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். பெரிய மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்து, தாங்கியது, தாங்கவில்லை என்று அறிக்கை தருவார்கள். முன்பெல்லாம் அறிக்கை காகிதத்தில் போகும், கீழே ரப்பர் முத்திரை இருக்கும். இப்போது எல்லாம் பிடிஎஃப் ஃபைல்தான். மெயிலில் போகும். அதில் ஒரு எண்ணை மாற்ற எவ்வளவு நேரமாகும்? டீ ஆறுவதற்குள் மாற்றிவிடலாம். ஒட்டியது, அழித்தது எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அதற்குத்தான் ஹாஷ். ஒரு ஃபைலை அதற்கென்று இருக்கிற புரோகிராமில் போட்டால், அது முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை மொத்தத்தையும் மென்று, எண்ணும் எழுத்துமாக அறுபத்து நான்கைத் துப்பும். அதே ஃபைலை ஜோகுபாளையத்தில் போட்டாலும் சரி, ஜப்பானில் போட்டாலும் சரி, அதே அறுபத்து நான்குதான் வரும். ஒரே ஒரு கமாவை எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், சம்பந்தமே இல்லாத வேறொரு வரிசை வந்து நிற்கும். இதில் மாயம் மந்திரம் ஒன்றுமில்லை. வெறும் கணக்கு. அதனால் யார் முகத்தையும் பார்க்காது.

இதை எல்லாரும்தான் செய்கிறார்கள், ஜோவிதா மட்டும் என்ன பெரிய இது என்று கேட்கலாம். மற்றவர்கள் ஃபைலையும் ஹாஷையும் சேர்த்து ஒரே மெயிலில் அனுப்புவார்கள். வாங்குகிறவர் அந்த வரிசையை அப்படியே நகலெடுத்து ‘சரியாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவார், சோம்பேறித்தனமாக. ஜோவிதா தன் வரிசையை அனுப்பவே மாட்டாள். நீ வாங்கின ஃபைலை நீயே உன் கம்ப்யூட்டரில் போட்டு, வந்ததை உன் மெயிலில் எனக்கு எழுது என்பாள். எழுதிய பிறகும் விடமாட்டாள். போனில் கூப்பிட்டு முதல் நாலும் கடைசி நாலும் படிக்க வைப்பாள். தன்னிடம் இருப்பதோடு பொருந்தினால்தான் அந்த அறிக்கை வெளியே போனதாக அவளுக்கு அர்த்தம். அதுவரை அவர்கள் உயிரை வாங்குவாள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. இதற்கு முன்னால் அவள் ஒரு கல்லூரி ஆபீசில் இருந்தாள். ஒரே பெண்ணின் மதிப்பெண் பட்டியல் இரண்டு விதமாக வந்து சேர்ந்தது. எது அசல் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வழி தெரியவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்ன பதிலை யாரும் நம்பவில்லை. சீட்டு போனது. “உண்மையைச் சொன்னவளுக்குக் கையில ஒண்ணுமே இல்லாமப் போச்சே” என்று ஜோவிதா பல வருஷம் கழித்தும் பொருமுவாள்.

சோதனைக்கூடத்தில் இதைக் கேலி செய்தவர்களில் முதல் ஆள் மதலைமுத்து. நீலசந்திராவிலிருந்து வருகிறவர். இழுக்கும் மெஷின் அவர் பொறுப்பு. மெஷின் காட்டுவதை எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். ஜோவிதா போனை எடுத்தாளோ இல்லையோ, “எட்டெழுத்தம்மா செபமாலையை ஆரம்பிச்சுட்டாங்கப்பா, எல்லாரும் முழங்கால் போடுங்க” என்பார். அவளும் சளைக்கமாட்டாள். “உங்க மெஷின் மாதிரி இழுத்து இழுத்துப் பேசாதீங்கண்ணா, போய் வேலையைப் பாருங்க” என்பாள். ஆனால் அவர் எழுதிய எண்ணில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. மெஷின் காட்டாததை எழுதச் சொல்லி ஒரு முதலாளி பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தபோது, மதலைமுத்து பொட்டலத்தை வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு முதலாளியை வெளியே அனுப்பியவர்.

அப்படிப்பட்டவருடைய தலையில்தான் வந்து விடிந்தது.

ஒயிட்ஃபீல்ட் பக்கம் ஒரு கட்டட வேலையில், கிரேன் கொக்கி வாய் பிளந்துகொண்டது. பலகைக் கட்டு கீழே விழுந்து ஒரு கொத்தனாரின் கால் முறிந்தது. கொக்கி செய்த கம்பெனியைப் பிடித்தார்கள். “எங்க கொக்கி சோதனையில் பாஸான கொக்கி” என்று அவர்கள் ஒரு அறிக்கையை நீட்டினார்கள். ஐந்து டன் தாங்கியது, தகுதி உண்டு என்று அதில் இருந்தது. கீழே மதலைமுத்துவின் கையெழுத்து.

சோதனைக்கூடத்துக் கம்ப்யூட்டரில் இருந்த அறிக்கையோ, மூன்றரை டன்னிலேயே கொக்கியின் வாய் திறந்துகொண்டது, தகுதி இல்லை என்றது. அதே எண், அதே தேதி, அதே கையெழுத்து.

கொக்கிக் கம்பெனியின் மேலாளர் சுதீர் கூசாமல் ஒரு கதை கட்டினார். மதலைமுத்து கை நீட்டி வாங்கிக்கொண்டு பாஸ் போட்டாராம், விபத்து நடந்ததும் பயந்துபோய் ஆபீஸ் ஃபைலை ஃபெயில் என்று மாற்றிவிட்டாராம். சோதனைக்கூடத்து முதலாளி மதலைமுத்துவின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடிகிறவரை உள்ளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். விசாரணையில் பழி உறுதியானால் வேலை போகும், அடுத்தது போலீஸ். ஒரு மனிதனின் கால் முறிந்த விஷயம் அது.

மதலைமுத்து வீட்டிலிருந்து போன் செய்தார். கேலிப் பேச்சையே காணோம்.

“நான் மூன்றரைன்னுதான் எழுதினேன்மா. என் கண்ணால பாத்தேன், வாய் பொளந்துச்சு. ஆனா தெருவுல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. டீக்கடையில பேச்சு நின்னுபோகுது.”

“அண்ணா, அழாதீங்க. உங்க பேச்சை அவங்க நம்ப வேணாம், என் பேச்சையும் நம்ப வேணாம். ஹாஷ் இருக்கு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டறேன்.”

“முன்னாடியே ஒரு தடவை போட்டுப் பாத்துட்டியாம்மா?”

“எதுக்கு? அப்புறம் நான் தொட்டேன்னு சொல்லவா? சபையிலதான் திறப்பேன்.”

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் டேரில் மெதுவாகக் கேட்டார், “ஒருவேளை வேற மாதிரி வந்தா?”

“ரசத்தை ஊத்துங்க” என்றாள் ஜோவிதா. “வராது.”

மறுநாள் அவள் அல்சூரில் மெட்ரோ ஏறும்போதே சேலை மடிப்பு கலையாமல், சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். மெஜஸ்டிக்கில் வண்டி மாறி, பீன்யாவில் இறங்கி, நேராக மீட்டிங் ரூமுக்குள் போய்த் தன் லேப்டாப்பைப் பெரிய திரையில் மாட்டினாள். சோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பிலிருந்து வீணா என்ற அதிகாரி வந்திருந்தார். கன்னடக்காரர், தமிழும் நன்றாக வரும். ஒரு பக்கம் சுதீர், கையில் தடிமனான ஃபைல் கட்டு. இன்னொரு பக்கம் சோதனைக்கூடத்தின் தர மேலாளர் சீனிவாசராகவன். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் இரண்டு பேனா. நல்ல மனிதர், எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்கிறவர். அதுதான் பிரச்சினையாகப் போகிறது என்று அவருக்கே தெரியாது.

சுதீர் தன் கட்டை வீணாவிடம் கொடுத்தார். உள்ளே, அறிக்கை தங்களுக்கு முறையாக வந்து சேர்ந்தது என்று காட்டுவதற்காக, தன் கம்பெனி ஸ்டோர் அதிகாரி நரேஷ் அனுப்பிய பதில் மெயிலின் நகலையும் வைத்திருந்தார். ‘ரிப்போர்ட் கிடைத்தது’ என்று இரண்டு வார்த்தை. அதன் கீழே அறுபத்து நான்கு எண்ணும் எழுத்தும்.

ஜோவிதா அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

“சார், இந்த மெயில் உங்க கம்பெனி மெயில்தானே?”

“ஆமா. அதான் கொடுத்திருக்கோமே.”

“கீழ இருக்கற இந்த ஹாஷ், உங்க நரேஷ் உங்க கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்து எழுதினது. நான் அனுப்பினது இல்லை. என் மெயில்ல ஹாஷே இருக்காது, பாத்துக்கோங்க. சரிதானே?”

சுதீர் மெயிலைத் திருப்பிப் பார்த்தார். “சரி. அதுக்கென்ன?”

“அப்ப இதையே அளவுகோலா வெச்சுக்கலாம். மேடம், நீங்க என்ன சொல்றீங்க?”

வீணா தலையசைத்தார். “மாடி, நோடோணா” என்றார். செய்யுங்கள், பார்ப்போம் என்று.

ஜோவிதா சோதனைக்கூடத்தின் ஃபோல்டரைத் திறந்து, ‘தகுதி இல்லை’ அறிக்கையைப் புரோகிராமில் போட்டாள். திரையில் வரிசை வந்தது. அவள் நரேஷின் மெயிலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் மெயிலைப் பார்த்தாள்.

முதல் எழுத்தே வேறு.

அய்யோ கடவுளே, என்றது அவள் மனம். அவளுடைய அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. கல்லூரியில் அழுத பெண்ணின் முகம் ஒரு நொடி வந்து போனது.

சுதீர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “முடிஞ்சுதே மேடம். உங்க ஃபைலைத்தான் மாத்தியிருக்காங்க, உங்க கம்ப்யூட்டரே சொல்லுது. இனிமே ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் விட்டுக்கொடுத்து, உங்க ஆள் மேல தப்புன்னு எழுதிக் கொடுத்துடுங்க. பாவம், நாங்களும் எவ்வளவு நாள் இழுக்கறது?”

வீணா பேனாவை எடுத்தார். “கடைசியா எப்ப இந்த ஃபைலை சேவ் பண்ணியிருக்காங்க?”

ஜோவிதா பார்த்தாள். மெயில் போனதற்கு மறுநாள் தேதி. விபத்துக்கு வெகு முன்னால். ஆயுத பூஜை தினம்.

பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. சீனிவாசராகவன் எழுந்து நின்றிருந்தார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

“ஃபைலைக் கொஞ்சம் பெரிசு பண்ணும்மா. வலது மூலை.”

பெரிதாக்கினாள். அறிக்கையின் வலது மேல் மூலையில், வெள்ளை ஓரத்தில், மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

“அது குங்குமம்” என்றார் சீனிவாசராகவன். “நான்தான் வெச்சேன்.”

அவரே மேலே சொன்னார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, கடைசியாக எழுதிய அறிக்கைக்கும் ஒரு பொட்டு வைப்பது சோதனைக்கூடம் தொடங்கின நாளிலிருந்து வழக்கம். அது காகிதத்தில் இருந்தவரை ஒரு கஷ்டமும் இல்லை. இப்போது காகிதமே இல்லை. பொட்டு வைக்காமல் விட அவருக்கு மனசு கேட்கவில்லை. கடைசி அறிக்கையைத் திரையில் திறந்தார். படம் வரைகிற பேனாவில் சிவப்பை எடுத்து ஓரமாக ஒரு புள்ளி வைத்தார், கும்பிட்டார், மூடினார். சேவ் பண்ணட்டுமா என்று கேட்டது. ஆம் என்று தட்டினார்.

“பெருமாள் சத்தியமா வேற ஒண்ணும் தொடலை” என்றார். குனிந்து ஜோவிதாவின் காதருகே, “வெறும் பொட்டுதாம்மா. நீ எடுத்துச் சொல்லு, புரிஞ்சுப்பா” என்றார்.

எடுத்துச் சொல்லியிருக்கலாம். வீணா சிரித்துக்கூட இருப்பார். ஆனால் ஜோவிதாவுக்கு அங்கேதான் கோபம் வந்தது. கோபம் வந்ததும் குரலும் திரும்பி வந்தது.

“இல்ல சார். அது பொட்டா, பொய்யான்னு ஹாஷுக்குத் தெரியாது. மாறிடுச்சுன்னு மட்டும்தான் சொல்லும். நம்ம புள்ளியை மன்னிச்சுடுங்கன்னு நான் கேட்டா, அவங்க எண்ணை மன்னிக்கச் சொல்லி அவர் கேப்பாரு.” வீணாவைப் பார்த்து, “மேடம், இந்தக் காப்பி செல்லாது. எங்க தப்பு. அப்படியே எழுதிக்கோங்க” என்றாள்.

சீனிவாசராகவன் உட்கார்ந்துவிட்டார். சுதீருக்கு இது எதிர்பாராத லாபம்.

“அடுத்து உங்க காப்பி சார்” என்றாள் ஜோவிதா.

“எதுக்கு? அதான் உங்களோடது செல்லாதுன்னு ஆச்சே.”

“என்னோடது செல்லலைன்னா உங்களோடது செல்லும்னு யார் சொன்னாங்க? உங்க நரேஷோட அளவுகோல் இருக்கில்ல, அதுல நீங்களும் நின்னு பாருங்க.”

வீணா கையை நீட்டினார். சுதீர் பென் டிரைவைத் தரத்தான் வேண்டியிருந்தது. ‘ஐந்து டன், தகுதி உண்டு’ என்ற அறிக்கையைப் போட்டார்கள். வந்த வரிசை நரேஷின் மெயிலோடு பொருந்தவில்லை.

இப்போது மேஜையில் இரண்டு அறிக்கை, இரண்டும் செல்லாதவை. வீணா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படின்னா நரேஷ் கையில வந்த ஃபைல் எது?”

“நான் அன்னைக்கு அனுப்பின மெயில்லயே அது இருக்கு மேடம். பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் போனது. அதுக்கப்புறம் அதை யாரும் திறக்கலை.”

“அதுவும் உங்க மெயில் பெட்டிதானே? அதுக்குள்ள நீங்க என்ன வேணும்னாலும் செஞ்சிருக்கலாம்” என்றார் சுதீர்.

“செஞ்சிருந்தா உங்க நரேஷ் எழுதினதோட பொருந்தாது சார். பொருந்தினா செய்யலைன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டாளே தவிர, மெயிலைத் தேடும்போது அவளுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. பொட்டு மாதிரி இன்னும் என்னவெல்லாம் நடந்திருக்கிறதோ, யார் கண்டது? மெயில் கிடைத்தது. இணைப்பை இறக்கினாள். திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ள ஆசைதான், ஆனால் திறக்காமல் நேராகப் புரோகிராமில் போட்டாள். திரையில் வரிசை வந்தது.

அவள் அதைப் படிக்கவில்லை. நரேஷின் மெயிலை எடுத்து சுதீர் முன்னால் வைத்தாள்.

“சார், முதல் நாலு படிங்க.”

“நான் எதுக்கு...”

“படிங்க சார். உங்க கம்பெனி எழுதினதுதானே?”

சுதீர் தொண்டையைச் செருமினார். “ஏழு. பி. ரெண்டு. சி.”

திரையில் முதல் நாலு: ஏழு, பி, இரண்டு, சி.

“கடைசி நாலு.”

“ஒன்பது... இன்னொரு ஒன்பது. இ. நாலு.” அவர் குரல் ஒவ்வொரு எழுத்துக்கும் இறங்கிக்கொண்டே போனது.

“நடுவுல இருக்கறதையும் நான் பாக்கறேன்” என்றார் வீணா. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசி எழுத்தில் விரல் நின்றது. “எல்லாம் சரி இருக்கு. இப்ப ஃபைலைத் திறங்க.”

திறந்தாள். மூலையில் பொட்டு இல்லை. நடுவில் மதலைமுத்து எழுதியது இருந்தது. மூன்றரை டன்னில் கொக்கியின் வாய் திறந்துகொண்டது. தகுதி இல்லை.

“இது எங்க மார்க்கெட்டிங்ல யாராவது...” என்று சுதீர் ஆரம்பித்தார்.

“யாருன்னு ஹாஷ் சொல்லாது” என்றார் வீணா. “அதை உங்க கிட்ட கேக்கறதுக்கு வேற ஆளு வருவாங்க. தோற்ற கொக்கிக்கு ஜெயிச்ச ரிப்போர்ட் காட்டி வித்திருக்கீங்க, ஒருத்தர் காலு முறிஞ்சிருக்கு.” பிறகு சீனிவாசராகவன் பக்கம் திரும்பினார். “உங்க பேர்லயும் ஒரு குறை எழுதறேன் சார். பொட்டு வைக்கறது தப்பில்லை, மானிட்டர் மேல வைங்க.”

“எழுதுங்கோ” என்றார் அவர். உண்மையிலேயே அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாக, அந்த ஃபோல்டரில் தான் உட்பட ஒருவரும் எழுத முடியாதபடி பூட்டச் சொன்னார். அடுத்த வேலையாக முதலாளியின் அறைக்குப் போய், மதலைமுத்துவின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, ஜோவிதாவின் கையில் வைத்தார்.

“நீயே குடும்மா. எனக்கு அவர் முகத்தைப் பாக்க இன்னிக்குத் தெம்பில்லை.”

மதலைமுத்து வெளியே கேட்டுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வழக்கம்போலக் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி வந்து, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும், எதிரே டீக்கடை ஓரத்திலேயே நின்றிருக்கிறார். பட்டறை ஆட்கள் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

ஜோவிதாவைப் பார்த்ததும் அவர் இரண்டடி முன்னால் வந்தார். “எட்டெழுத்து என்னம்மா சொல்லுச்சு?” இத்தனை வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைக் கேலியில்லாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

பொட்டு, சுதீர், பென் டிரைவ் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் படியிறங்கி வந்தாள். ஆனால் வெறுமனே அட்டையை நீட்டினாள். முணுமுணுப்பாகத்தான் குரல் வந்தது.

“நீங்க எழுதினது எழுதினபடியே இருக்குண்ணா.”

மதலைமுத்து அட்டையை வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி டீக்கடையைப் பார்த்தார். டம்ளரோடு நின்றவர்களைப் பார்த்தார்.

“சத்தமாச் சொல்லும்மா” என்றார். “உன் போன் குரல்ல.”

அப்புறம் கேட்கவா வேண்டும்? ஜோவிதா ரோட்டுப் பக்கம் திரும்பி நின்று, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு சொன்னாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. இரண்டு பட்டறை தள்ளி லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். மதலைமுத்து அதன் பிறகுதான் அட்டையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.